உன் படத்தில் இல்லாத ரோடு

தம்பி,

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உன்னைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. பஸ் நகரும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. இந்தப் பன்னிரண்டு நாளும் அம்மாவோடு தினம் பேசுகிறாய், என்னைக் கேட்பதில்லை. அவள் போனை என் பக்கம் நீட்டினால் நானும் கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். கோபம் உனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கும் இருக்கிறது, பாதி உன் மேல், பாதி என் மேல். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் கத்துவேன், இரண்டு பேரும் பட்டென்று வைத்துவிடுவோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி. பாதியில் மூடிவைத்தால் நான் எழுதியதற்கு அர்த்தமே இல்லை.

அன்றைக்கு நீ உன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தாய். திருமானூர்ப் பக்கம் உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்விட்டு வந்து, சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பை எடுத்துக் கூடத்தில் வைத்தாய். "அப்பா, இங்க வாங்க, நீங்க ஓட்டுன ரோடெல்லாம் இதுக்குள்ள இருக்கு பாருங்க" என்றாய். நாடு முழுக்க இருக்கிற ரோடுகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், டோல் உண்டா, மேடு உண்டா என்று எழுதிவைத்திருப்பதாகச் சொன்னாய். ஒரு லாரி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கிளம்பினால் எந்தெந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு போகும் என்று கம்ப்யூட்டரே கணித்துவிடும் என்றாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு விம்மியது. நான் வியர்வையில் குளித்துக்கொண்டு போன ரோடுகள் உன் கையளவு கண்ணாடியில் பச்சையும் சிவப்புமாக ஓடுவதைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். கோடு தடியாக இருந்தால் லாரி நிறையப் போகிறது என்று அர்த்தம், மெல்லியதாக இருந்தால் குறைவு என்றாய். நான் உடனே தேடியது உன் அக்கா ஊர் ரோட்டைத்தான்.

"அக்கா ஊரு ரோடு எங்கடா?" என்றேன். "அது தெரியாதுப்பா, பெருசு பண்ணாத்தான் தெரியும்" என்று விரலால் விரித்தாய். விரித்தாய், இன்னும் விரித்தாய். கடைசியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு வந்தது. பெரம்பலூரைத் தாண்டி ஆத்தூர் போகிற பெரிய ரோடு மட்டும் தொடை தண்டிக்குச் சிவப்பாகக் கிடந்தது. "அந்தப் பக்கம் லாரியே போறதில்லைங்கப்பா. புறவழிச்சாலை வேணும்னு அந்த ஊர்க்காரங்க மனு குடுத்திருக்காங்க, ஆனா எங்க கணக்குல அந்த ஊரு அடிபட்டுப் போயிடுது. வேற ஊருகளுக்குத்தான் வரும்" என்று, மழை வருமா வராதா என்று சொல்வதுபோலச் சொன்னாய். கல்யாண லீவுக்கு முன்னால் அறிக்கையைக் கொடுக்க வேண்டும், அந்தப் பகுதிக்கு நீதான் கையெழுத்துப் போடுகிறாய் என்றும் சொன்னாய். அதற்குப் பிறகு நான் பேசியதை நானே மறக்கத்தான் பார்க்கிறேன். ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு படம் போடுகிறவனுக்கு ரோடு தெரியுமா என்று கேட்டேன். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவன் லாரி எந்த வழியில் போகும் என்று சொல்கிறானா என்று கேட்டேன். நீயும் சும்மா விடவில்லை. "கேட்டும் பாத்தாச்சு, எண்ணியும் பாத்தாச்சுங்கப்பா. ஒருத்தர் ரெண்டு பேரு மாத்திச் சொன்னாலும் ஆயிரம் பேரச் சேத்துப் பாத்தா சரியா வந்துடும். நீங்க சொல்றது ஒரு வண்டியோட கதை" என்றாய். அந்த ஒரு வண்டி என்ற சொல் எனக்கு எங்கே குத்தியது என்று உனக்குத் தெரியாது.

நீ சொன்ன கணக்கில் தப்பில்லை தம்பி. பன்னிரண்டு நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். ஆளுக்கு ஒரு தப்பாகச் சொன்னால் எல்லாம் சேர்ந்து சரியாகிவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆயிரம் பேருக்கும் ஒரே ஆள் ஒரே பொய்யைச் சொல்லிக்கொடுத்திருந்தால் உன் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? அந்த ஆள் நான்தான்.

போன வருஷம், உங்கள் ஆட்கள் பெரம்பலூருக்கு வெளியே ரோட்டோரம் நின்று லாரிகளை நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், எந்த வழியில் என்று மூன்று நாள் கேட்டார்களே, அது உன் வேலை என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. சொன்னால் நான் டிரைவர்களிடம் சொல்லிவிடுவேன், பதில் மாறிவிடும் என்று பயந்தாயாம். அன்றைக்குச் சண்டையில்தான் அது வெளியே வந்தது. உங்கள் ஆட்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள், வண்டியை நிறுத்துவதற்குத் துணைக்கு ஒரு போலீஸ்காரரும் நின்றார். கண் மங்கி லைசென்ஸ் புதுப்பிக்க முடியாமல் போனதிலிருந்து நான் லாரி ஆபீஸில் உட்கார்ந்து வண்டிகளுக்கு வழி சொல்கிறவன். முதல் நாள் காலையிலேயே நம் ஆபீஸ் டிரைவர் ராசேந்திரன் போன் போட்டான். "பெரியவரே, மஞ்சச் சட்ட போட்டுக்கிட்டு நிக்கிறானுங்க, கூட போலீசும் நிக்குது, எந்தப் பக்கம் போறேன்னு கேக்கறானுங்க. என்ன சொல்லட்டும்?" நாற்பது வருஷ அனுபவத்தில் நான் கற்றது ஒன்றுதான்: போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கும்போது எவன் என்ன கேட்டாலும், லோடு பில்லில் என்ன வழி போட்டிருக்கிறதோ அதைச் சொல். அதையே ராசேந்திரனுக்குச் சொன்னேன்.

அதோடு விட்டேனா? நம் ஆபீஸ் வண்டிகள், பக்கத்து ஆபீஸ் வண்டிகள், தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் போன் போட்டேன். மூன்று நாளைக்கு ஒரு வண்டியும் பூலாம்பாடிப் பக்கம், உன் அக்கா ஊர் ரோட்டுக்கு, பிரியக் கூடாது, எல்லோரும் பெரிய ரோட்டிலேயே போக வேண்டும், எடையையும் குறைத்து ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அப்படியே நடந்தது. நீங்கள் உன் அக்கா ஊர் ரோட்டிலும் ஆள் வைத்து எண்ணியிருக்கிறீர்கள். அவர்கள் பாவம், மூன்று நாளும் மரத்தடியில் உட்கார்ந்து மாட்டு வண்டியையும் மினி பஸ்ஸையும் எண்ணிவிட்டுப் போயிருப்பார்கள். நாலாவது நாள் மஞ்சள் சட்டைகள் கிளம்பியதும் எல்லா வண்டியும் பழைய வழிக்கே திரும்பிவிட்டது. ஒரு வண்டிகூட மாட்டவில்லை என்று நான் அன்றைக்கு ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என் மகன் படித்த படிப்பை மூன்று நாளில் முட்டாளாக்கிவிட்டு, அதற்கு டீ வேறு.

இதை அன்றைக்கே கூடத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். உன் அம்மாவுக்குத் தெரியும். நீ போனதிலிருந்து "நீங்க வாயத் தொறந்து சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுங்களா" என்று என்னை அரித்து எடுக்கிறாள். வாய் வரவில்லை. உன் முன்னால் மட்டும் எனக்கு எப்போதுமே வாய் வருவதில்லை. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து வண்டிப் பக்கமே வராதே, வந்தால் காலை உடைப்பேன் என்று சொல்லி வளர்த்தேன். மற்ற டிரைவர்கள் லீவு நாளில் பிள்ளைகளைக் கேபினில் உட்காரவைத்துக்கொண்டு போவார்கள். நான் உன்னை ஒரு தடவைகூட ஏற்றியதில்லை. ஏறினால் பிடித்துப்போகும், பிடித்தால் படிப்பு போய்விடும் என்ற பயம். திருச்சியில் காலேஜில் சேர்க்கத்தான் ஒரே ஒரு தடவை, லோடு அந்தப் பக்கம் இருந்ததால், உன்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நீ கேள்வியாகக் கேட்டாய். அந்தக் கியர் எதுக்குப்பா, ஏன் இங்கே மெதுவாகப் போகிறீர்கள், ஏன் அந்த ரோட்டில் திரும்பவில்லை என்று. நான் "பேசாம வாடா" என்றேன். காலேஜ் வாசலுக்கு ஒரு தெரு முன்னாலேயே உன்னை இறக்கிவிட்டேன். லாரியிலிருந்து இறங்குவதை யாரும் பார்க்கக் கூடாது என்று நீ சொல்லவில்லை, நான்தான் நினைத்தேன். இன்றைக்கு உனக்கு லாரி தெரியாது என்று கத்துகிறேனே, தெரியவிடாமல் செய்தவனும் நான்தான். அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில் சொல்லியிருந்தால், இத்தனை வருஷம் கழித்து ரோட்டில் ஆளை நிறுத்தி நீ கேட்டிருக்கவே வேண்டாம்.

சரி, லாரிகள் ஏன் அந்தச் சின்ன ரோட்டில் போகின்றன என்று கேட்பாய். பெரிய ரோட்டைவிட அது சுற்று, குறுகல், பள்ளம் வேறு. உன் கணக்குப்படி எவனும் போக மாட்டான். இதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. உன் அக்காவை அந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்த முதல் வருஷம், அவள் அங்கே ஒட்டாமல் அழுதுகொண்டே இருந்தாள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். சம்பந்தி வீட்டுக்கு அடிக்கடி போய் நிற்பது நமக்கு மரியாதை இல்லை என்று அம்மாவும் தடுத்துவிட்டாள். அதனால் நான் ஆத்தூர்ப் பக்கம் லோடு கிடைத்தபோதெல்லாம் பெரிய ரோட்டை விட்டுப் பிரிந்து அவள் வாசல் வழியாகப் போனேன். நிறுத்த மாட்டேன். தூரத்திலேயே இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன், அவள் மாவுக்கையோடு வாசலுக்கு ஓடிவந்து நிற்பாள், நான் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை கிலோமீட்டர் சுற்றினேன் என்று முதலாளிக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது.

பின்னால் வந்தவர்கள், பெரியவர் போகிறார் என்றால் காரணம் இருக்கும் என்று என் பின்னாலேயே வந்தார்கள். வந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு பம்ப்செட் கிடைத்தது. அதன் சொந்தக்காரர் நல்ல மனுஷர், டிரைவர்கள் குளித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். சிமெண்ட் தூசியோடு வருகிறவனுக்கு அந்தத் தண்ணீரைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? பிறகு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி எடை பார்க்க ஆள் வருவதில்லை என்பதையும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒரு வண்டியோட கதை என்றாயே தம்பி, அந்த ரோட்டின் கதை முழுக்க ஒரு வண்டியில்தான் ஆரம்பித்தது. இப்போது விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை லாரி ஓடுகிறது. உன் அக்கா தூசிக்குப் பயந்து வாசல் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள். ஹாரன் கேட்டால் எழுந்து வருவதில்லை, காதைப் பொத்திக்கொள்கிறாள். எந்த ஹாரன் அப்பாவுடையது என்று கேட்டதுமே கண்டுபிடித்தவள் அவள்.

நம் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகள் பாப்பா கையில் மாவுக்கட்டோடு இருப்பதைப் பார்த்து நீ கேட்டபோது, விளையாடும்போது விழுந்துவிட்டாள் என்று சொன்னதும் நான்தான். அக்காவையும் அப்படியே சொல்ல வைத்தேன். நடந்தது அதுவல்ல. பள்ளிக்கூடம் விட்டு ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தவள், இரண்டு லாரிகள் எதிரும் புதிருமாக வந்ததில் ஒதுங்க இடமில்லாமல் பக்கத்து வாய்க்காலில் குதித்திருக்கிறாள். தண்ணீர் இல்லாத வாய்க்கால், கல். இரண்டில் ஒரு வண்டி நம் ஆபீஸ் வண்டி, ஓட்டியவன் ராசேந்திரன். அவனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான், அவனே எனக்குப் போன் போட்டான். நான் அவனைக் கண்டபடி திட்டினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் மெதுவாக, "நீங்க காட்டுன ரோடு தானுங்களே பெரியவரே" என்றான். அவன் எதிர்த்துப் பேசவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னான். அது நடந்து மூன்று வாரம்கூட ஆகாதபோதுதான் நீ வந்து அந்த ரோட்டில் லாரியே போவதில்லை என்று படம் காட்டினாய். எனக்கு வெறி பிடித்தது அதனால்தான். உன் கம்ப்யூட்டர் மேல் கத்தியதெல்லாம் என் மேல் கத்த முடியாமல் கத்தியது.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடாதே. கல்யாணத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும், மேலே இருப்பவர்கள் கேட்பார்கள் என்பாய். கேட்கட்டும். சொந்த அப்பனே ஏமாற்றிவிட்டான் என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கும், தெரிகிறது. கூச்சப்பட்டுக்கொண்டே சொல். என் பெயரையும் சொல். ஏற்றிய எடை, பிரிந்துபோன வழி எல்லாம் வெளியே வந்தால் முதலாளி என்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் வீட்டில் இருந்துகொள்கிறேன். டிரைவர்களை நான் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். இரண்டு பேர் முறைத்தார்கள், ஒருவன் எழுந்து போய்விட்டான், மற்றவர்கள் உண்மையைச் சொல்ல ஒத்துக்கொண்டார்கள். நீ வா. மஞ்சள் சட்டை வேண்டாம், போலீஸ்காரர் வேண்டவே வேண்டாம். அந்தப் பம்ப்செட்டில் அவர்கள் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரமாக வந்து பக்கத்தில் உட்கார். முதல் கேள்வியாக வழியைக் கேட்காதே. சாப்பிட்டாச்சா என்று கேள். வழியை அவர்களே சொல்வார்கள்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இது மட்டும்தான். நாளைக்கு அந்தப் பெண்ணிடம் நீ எதையாவது கேட்கும்போது உன் குரலுக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரரை நிறுத்திவைத்துக்கொண்டு கேட்காதே. எங்கே போனாய், ஏன் லேட் என்று அதட்டிக் கேட்டால் அவளும் பில்லில் இருக்கிற வழியைத்தான் சொல்வாள். நீ அதை நம்பிக்கொண்டு, வீட்டில் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று படம் போட்டுக்கொண்டிருப்பாய். நான் உன் அம்மாவிடமும், உன் அக்காவிடமும், உன்னிடமும் அப்படிக் கேட்டே பழகியவன். அக்கா அங்கே அழுகிறாள் என்பதை அவள் என்னிடம் சொல்லவில்லை, சம்பந்தி வீட்டுப் பக்கத்து ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேராகக் கேட்கத் தெரியாமல்தான் லாரியை ஓட்டிக்கொண்டு வாசலில் போய் ஹாரன் அடித்தேன்.

நீ கோபத்தில் விட்டுவிட்டுப் போன காகிதங்களில் உங்கள் கேள்வித்தாளும் இருக்கிறது. இப்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒரு வருஷம் பிந்திவிட்டது, ஆனாலும் நான் ஓட்டிய காலத்துக்கான என் பதிலையாவது சேர்த்துக்கொள். கிளம்பிய ஊர் அரியலூர். போய்ச் சேரும் ஊர் ஆத்தூர். சரக்கு சிமெண்ட். எடை, பில்லில் இருந்ததைவிட அதிகம். வழி, பெரம்பலூர் தாண்டிப் பெரிய ரோட்டை விட்டுப் பூலாம்பாடிப் பக்கம் பிரிந்து, உன் அக்கா ஊர் வழியாக. கடைசிக் கேள்வி, அந்த வழியைத் தேர்ந்தெடுத்த காரணம் என்ன என்பது. நேரம், தூரம், டோல், ரோட்டின் தரம் என்று நாலு கட்டம் போட்டிருக்கிறாய். நாலிலும் டிக் போடாதே. கீழே 'மற்றவை' என்று போட்டு ஒரு கோடு விட்டிருக்கிறாய், அதில் எழுதிக்கொள்: மகள் வாசலில் நிற்பாள்.

அப்பா